வாப்பாவின் வகுப்பில் உம்மா

உம்மா மவுத்தாகி நாலு மாதம்கூட ஆகவில்லை, வாப்பா சிரித்தார். தோஹாவில், நஜ்மா பகுதியில் எங்கள் வீட்டு ஹாலில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார். நான் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு பெண்ணின் முகம்.

அது வகுப்புதான். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குத் தமிழிலேயே கம்ப்யூட்டர் சொல்லித்தரும் இன்டர்நெட் வகுப்பு. சிங்கப்பூரிலிருந்து ஒரு டீச்சர் நடத்தினார். ஊரில் தனியாகக் கிடக்க வேண்டாம் என்று வாப்பாவை விசிட் விசாவில் வரவழைத்ததும், அந்த வகுப்பில் சேர்த்துவிட்டதும் என் வீட்டுக்காரர்தான். தான் வேலை பார்க்கும் கடையில் பழசாகிப்போன கம்ப்யூட்டரை வீட்டுக்குத் தூக்கிவந்து ஒரு கேமராவும் வாங்கி மாட்டினார். சனிக்கிழமை காலையில் வகுப்பு. மற்ற நாட்களில் வாப்பா ஒற்றை விரலால் தட்டித் தட்டி, கூடப் படிப்பவர்களுக்கு மெயில் எழுதிக்கொண்டிருப்பார்.

நான் எட்டாவதோடு நின்றவள். அவர் என்ன படிக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. நான் பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன், இவர் சிரிக்கிறார். அதுதான் புரிந்தது. உம்மாவின் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. செய்தி வந்த மறுநாள்தான் விமானம் கிடைத்தது. மையத்தை அவ்வளவு நேரம் அடக்காமல் வைத்திருக்க மாட்டார்கள். நான் போய் இறங்கியபோது அடக்கிவிட்டு வந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். உம்மாவின் துணிகளையும் இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். வெளியே போகும்போது உம்மா போர்த்திக்கொள்ளும் வெள்ளைத் துப்பட்டியை மட்டுமாவது தாருங்கள் என்று அழுதேன். அதுவும் போய்விட்டது என்றார்கள்.

பக்கத்து ஃப்ளாட் அக்காவை லாத்தா என்றுதான் கூப்பிடுவேன், அவளும் எங்கள் ஊர்க் கடற்கரைப் பக்கம்தான். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது கேட்டாள்.

"சனிக்கிழமையானா உங்க வாப்பா சிரிப்பு எங்க அடுப்படி வரைக்கும் கேக்குது. கூட ஒரு பொம்பள சத்தமும் கேக்குதே, யாரு?"

"டீச்சர், லாத்தா."

"டீச்சரா. எங்க பெரியாப்பாவுக்கும் இப்படித்தான் ஊசி போட ஒரு நர்ஸ் வந்தா. இப்ப அவதான் எங்களுக்குப் பெரியம்மா."

சிரித்துக்கொண்டே சொன்னாள். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "மாமா என்னவிட வேகமா டைப் பண்றாரு, அது உனக்குப் பொறாமையா?" என்று அவரும் சிரித்தார்.

இன்னொன்றும் உறுத்தியது. வாப்பா அடிக்கடி அடுப்படி வாசலில் வந்து நிற்பார்.

"உங்க உம்மா வட்டலப்பத்துக்கு எத்தன முட்ட போடுவா?"

"ஏன் வாப்பா, செய்யணுமா?"

"வேணாம். சும்மா கேட்டேன்."

இன்னொரு நாள் மாசிச் சம்பல். பிறகு கஞ்சி. சொல்லிமுடித்துவிட்டு நான் அழுவேன். அவர் நேராகப் போய்க் கம்ப்யூட்டரில் உட்காருவார். உம்மாவின் கைப்பக்குவத்தையெல்லாம் அந்தப் பெண்ணுக்கா எழுதிக்கொடுக்கிறார்?

கடைசி வகுப்புக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து சாப்பிட்டுக் கை கழுவியதும் கேட்டேவிட்டேன்.

"வாப்பா, நீங்க வேற நிக்காஹ் பண்ணிக்கப் போறீங்களா?"

கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நாளைக்கு எல்லாரும் வீட்டு ஆளுகள கேமராவுல காட்டணுமாம்" என்றார்.

"அதுக்கு?"

"உங்க உம்மா இருக்கான்னு சொல்லி வச்சிருக்கேன்."

முதல் வகுப்பில் குடும்பத்தைப் பற்றி இரண்டு வரி எழுதச் சொன்னார்களாம். நானும் என் மனைவியும் மகள் வீட்டில் இருக்கிறோம் என்று எழுதிவிட்டார். "கை தன்னால எழுதிருச்சு. அழிக்க மனசு வரல." பிறகு எல்லோரும் உம்மாவை விசாரிக்க ஆரம்பித்தார்கள். கூடப் படிக்கும் குவைத்துப் பெரியவரின் மனைவி வட்டலப்பம் எப்படிச் செய்வது என்று கேட்டுவிட்டாள். உம்மா சொன்னதாக வாப்பா பதில் எழுதினார்.

"நம்ம ஆளுக எல்லாம் அவ எப்படிப் போனான்னு கேக்குறாங்கம்மா. அங்க மட்டுந்தான் அவ எப்படி இருக்கான்னு கேக்குறாங்க."

எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தார். அடியிலிருந்து வெள்ளையாக ஒன்றை எடுத்துவந்தார். உம்மாவின் துப்பட்டி.

"இதப் போத்திக்கிட்டு எனக்குப் பின்னால கொஞ்சம் தள்ளி நில்லு. அந்தக் கேமராவுல முகம் கலங்கலாத்தான் தெரியும். கைய மட்டும் ஆட்டு, போதும்."

"இது உங்ககிட்டயா இருந்துச்சு? நான் அழுது கேட்டேனே வாப்பா."

"குடுக்க முடியல."

"மவுத்தானவள உசுரோட இருக்கான்னு சொல்றது பாவமில்லையா?"

"பாவந்தான்."

"என்னால உம்மா வேசம் போட முடியாது."

அவர் வற்புறுத்தவில்லை. துப்பட்டியை மடித்து நாற்காலியின் முதுகில் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் வீட்டுக்காரர் கடைக்குப் போனபின் வகுப்பு தொடங்கியது. நான் அடுப்படி வாசலிலேயே நின்றேன். ஒவ்வொருவராகக் கேமராவைப் போட்டார்கள். குவைத்து அம்மா, "பல்லு செட்டுகூட மாட்டல, என்னத்தக் காட்டுறது" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். வாப்பா சிரிக்கவில்லை.

"அடுத்தது தோஹா ஐயா. எங்க வட்டலப்பம் அம்மா எங்க?" என்றார் டீச்சர்.

"அடுப்படில இருக்கா."

"கூப்பிடுங்கய்யா, நாங்க காத்திருக்கோம்."

வாப்பா கூப்பிடவில்லை. திரும்பி என்னைப் பார்க்கவும் இல்லை. கூப்பிட்டிருந்தால் நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தியிருப்பேன். "அவ..." என்றார்.

நான் துப்பட்டியை எடுத்துப் போர்த்தினேன். உம்மா வாசனை இல்லை, பெட்டி வாசனைதான் அடித்தது. வாப்பாவுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"அம்மா, வணக்கம். ஒரு வார்த்தை பேசுங்களேன்."

வாயைத் திறந்தால் என் குரல்தான் வரும். உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"அவளுக்குக் கூச்சம்" என்றார் வாப்பா.

கையைத் தூக்கி ஆட்டினேன். அப்போதுதான் திரையின் மூலையில் எங்கள் படம் தெரியும் சின்னக் கட்டத்தைப் பார்த்தேன். வாப்பாவின் வழுக்கைத் தலைக்குப் பின்னால் வெள்ளைத் துப்பட்டி. அதற்குள் உம்மா. அந்தக் கேமராவில் எதுவும் கொஞ்சம் பிந்தித்தான் வரும். நான் கையை இறக்கிவிட்டேன். அதற்குப் பிறகுதான் அங்கே உம்மா கை ஆட்டினாள்.

நான் மறுபடியும் ஆட்டினேன். கொஞ்சம் பொறுத்து அவளும் ஆட்டினாள்.

டீச்சர் அடுத்தவரைக் கூப்பிட்டார், யார் யாரோ பேசினார்கள், விடைபெற்றுக்கொண்டார்கள். நான் நகரவில்லை. வாப்பாவும் டீச்சரைப் பார்க்கவில்லை, அந்த மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வகுப்பு முடிந்து டீச்சர் முகம் போய்விட்டது. எங்கள் கட்டம் மட்டும் இருந்தது.

"நெசத்த எழுதிரவாம்மா?" என்றார் வாப்பா. "ஒரு மெயில் போட்டா எல்லாருக்கும் போயிரும்."

"இன்னைக்கு வேணாம் வாப்பா" என்றேன். "கேமராவ அணைக்காதீங்க."