அண்ணியின் கை சொன்னதும் என் வாய் சொன்னதும்

என் அண்ணிக்குக் காது கேட்காது. எனக்கு வாய் நிற்காது. வீட்டில் மற்றவர்களுக்குப் பேச வேலையே இல்லை என்பான் அண்ணன்.

காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் ஒன்பது வருஷமாக அண்ணி டீச்சர். அவர் கையால் கதை சொன்னால் சுவரில் தொங்கும் உலகப்படமே திரும்பிப் பார்க்கும். திடீரென்று ஒரு விதி வந்தது: தகுதிச் சான்றிதழ் இல்லாதவர் பாடம் நடத்தக் கூடாது, உதவியாளராக மட்டும் இருக்கலாம். எழுத்துத் தேர்வை அண்ணி ஊதித் தள்ளிவிட்டார். மிச்சம் நேர்காணல்தான். கையால் சொல்வதை வாயால் சொல்ல ஓர் ஆளைக் கூட்டிவரலாமாம். அண்ணி என்னைக் கூட்டிப் போனார். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன், ஆனால் சைகையில் புலி.

போன வருஷம் எத்தனை பிள்ளைகளை வாசிக்க வைத்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். அண்ணி பதினொன்று என்று காட்டினார். எனக்கு அது சப்பென்று இருந்தது.

"நூறு பேரு சார். கூச்சப்பட்டுக் குறைச்சுச் சொல்றாங்க."

அதிகாரி பள்ளிப் பதிவேட்டைப் புரட்டினார். வகுப்பில் மொத்தமே பதினான்கு பேர். பொய்த் தகவல் என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதி, கோப்பை மூடினார். என்னவாம் என்று அண்ணி கேட்டார். எல்லாம் நல்லபடி என்று கை காட்டினேன்.

'தேர்வாகவில்லை' என்று ஒரே வரியில் கடிதம் வந்தது. எந்தக் கேள்வியில் சறுக்கினோம் என்று அண்ணி மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். ஊரையே விழுங்குகிற என் வாய், அந்த மூன்று நாளும் சோற்றைக்கூட ஒழுங்காக விழுங்கவில்லை.

நாலாம் நாள் அண்ணி மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்கப் பள்ளிக்குப் போனேன். சான்றிதழோடு வந்த புது டீச்சர் கரும்பலகையைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி ஓரமாக நின்று சாக்பீஸ் எடுத்துக் கொடுத்தார். கண்ணாடியை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார் வேறு.

சாயங்காலம் அவர் முன் உட்கார்ந்து நடந்ததைக் கையால் சொன்னேன். பதினொன்றை நான் நூறாக்கியதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். அண்ணியின் கை மெதுவாக அசைந்தது.

"பதினொண்ணுன்னு சொல்றதுல உனக்கு என்ன வெட்கம், தம்பி?"

தப்பு என்னுடையது என்று அதிகாரிக்கு எழுதினேன். ஆறு மாதம் கழித்து மறுபடி வரலாம் என்று பதில் வந்தது. கூட வேறு ஆள் வர வேண்டும் என்று அதில் எழுதியிருக்கவில்லை. அதைச் சொன்னது அண்ணிதான்.