அமெரிக்காவுக்குப் போன சாமை

ஆடி மாதம் பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை எட்டரை மணி. விடியும் முன்பே தொடங்கிய சாரல் நிற்கவில்லை. கட்டுத்தறியில் நின்ற மாடு மூடுபனிக்குள் வெறும் கொம்பாகத் தெரிந்தது. எனக்கு அப்போது ஏழு வயது. பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில் சிலேட்டைக் கீழே போட்டுவிட்டு அதை எடுக்கக் குனிந்தேன். என் பெரியப்பா வெளிநாட்டு விவகாரங்களில் இறங்கியது அந்த நிமிஷத்தில்தான்.

காரணம் என் கால்சட்டை. பள்ளிக்கூடத்தில் மத்தியானம் எங்களுக்குக் கோதுமை ரவை உப்புமா போட்டார்கள். மழை பொய்த்து, நாடு முழுவதும் தானியத்துக்குத் தவித்த வருஷங்கள் அவை. ரவை அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்து, பிறகு லாரியில் வந்து, கடைசியில் மலைமேல் குண்டூர் நாடு என்ற பகுதியில் இருக்கும் எங்கள் ஊருக்குத் தலைச்சுமையாக வந்து சேரும். அது வருகிற சாக்கு நல்ல துணிச்சாக்கு. காலியான சாக்கை அத்தை வீட்டுக்குக் கொண்டுவருவார். அத்தைதான் பள்ளிக்கூடத்தில் சமையல். அம்மா அதை வெட்டி எனக்குக் கால்சட்டை தைத்துவிடுவார். சாக்கின் மேல் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்வது போல ஒரு படம் அச்சடித்திருக்கும். எத்தனை துவைத்தாலும் போகாது. அம்மா வெட்டிய வெட்டில் அந்தப் படம் சரியாக என் பின்பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

"நில்லு சாமி, நிமுராத" என்றார் பெரியப்பா. "இது யாரோட கை?"

"ஒண்ணு நம்ம கை, ஒண்ணு அமெரிக்காக்காரங்க கைன்னு வாத்தியார் சொன்னாருங்க பெரியப்பா."

"இதுல நம்முது எது?"

எனக்கு என் பின்பக்கம் தெரியாததால் பதில் சொல்ல முடியவில்லை. உள்ளேயிருந்து பெரியம்மா குரல் கொடுத்தார்: "பையன் போகட்டும் உடுங்க. அவன் பின்னாடி என்ன தாலுகா ஆபீசா நடக்குது?"

பெரியப்பா சிரிக்கவில்லை. அவர் மலைக்குக் கீழே சேந்தமங்கலத்தில் தங்கி எட்டாவது வரை படித்தவர். எங்கள் ஊரில் பேப்பர் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஆனால் பேப்பர் எங்கள் ஊருக்கு வராது. சந்தையிலிருந்து வெல்லமும் மிளகாயும் கட்டி வருகிற காகிதத்தைப் பிரித்து, நீவி, வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பார். அதனால் அவருக்குத் தெரிந்த சண்டைகளெல்லாம் ஏற்கெனவே முடிந்துபோன சண்டைகள். அவர் கவலைப்பட்ட மந்திரிகளில் பாதிப் பேர் அதற்குள் மாறியிருப்பார்கள். கவலை மட்டும் எப்போதும் புதிதாக இருக்கும்.

அவருடைய கொள்கைகள் சிக்கலில்லாதவை. அடுத்த ஊட்டுச் சோற்றில் வயிறு வளர்க்கிற குடும்பத்தின் பேச்சு சபையில் எடுபடாது, நாடும் அப்படித்தான். இன்றைக்கு இனாமாகக் கோதுமை கொடுப்பவன், நாளைக்கு உலகத்தில் ஒரு சண்டை வந்தால் நம்மை எந்தப் பக்கம் உட்காரச் சொல்கிறானோ அந்தப் பக்கம் உட்கார வேண்டிவரும். ஓட்டுக் கேட்டு வந்து சும்மா தருகிறேன் என்கிறவன் நம் மடியில் கைவிட்டு எடுத்துத்தான் நமக்குத் தருவான். முன்னோர் வைத்த வழக்கத்தை மாற்றுவதற்கு முன்னால், அதை ஏன் வைத்தார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். இவற்றில் பாதியை நான் எப்போதுமே நம்பியிருக்கிறேன். மீதிப் பாதியை வயதாக ஆக நம்பத் தொடங்கியிருக்கிறேன்.

அன்று சாயங்காலமே அவர் ஊர்க்கூட்டம் போட்டார். எங்கள் மலையில் ஊர்க்கூட்டம் ஒன்றை முடிவு செய்துவிட்டால் எல்லா வீட்டுக்கும் அதுதான். மறுநாளிலிருந்து எங்கள் ஊர்ப் பிள்ளைகள் யாரும் அமெரிக்கா உப்புமா சாப்பிடுவதில்லை. வீட்டுக்கு வீடு வாரம் ஒரு படி சாமை கொடுப்பது. அதைப் பள்ளிக்கூடத்தில் ஆக்கிப் போடுவது. இருபத்திரண்டு வீடுகளும் தலையாட்டின. வாத்தியார் சமவெளியிலிருந்து வந்த கீழ்நாட்டுக்காரர், சாது. மூலையில் மூட்டை இருக்க இதென்ன வம்பு என்று தோன்றியிருக்கும். ஆனாலும், "ஊர் சாப்பாடு போட்டா எனக்கென்னங்க சங்கடம்" என்று ஒத்துக்கொண்டார்.

சங்கடம் எனக்குத்தான். வீட்டில் காலையில் சாமைக் கஞ்சி, ராத்திரி சாமைச் சோறு. நடுவில் எனக்கு இருந்த ஒரே வெளிநாடு அந்த உப்புமா. கடுகு தாளித்து, பச்சை மிளகாய் கிள்ளிப் போட்டு அத்தை கிண்டும்போது வகுப்பில் ஒருவனுக்கும் கணக்கு ஓடாது. இப்போது மத்தியானமும் சாமை. நாட்டின் மானம் என் வாய்க்குள் சப்பென்று இருந்தது.

ஆவணி வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. புரட்டாசியில் பழைய தானியம் தீரும் காலம் வந்தது. வாரம் ஒரு படி என்பது அரைப்படி ஆயிற்று; பிறகு கைப்பிடி ஆயிற்று; பிறகு பல வீடுகளில், "அடுத்த வாரம் பாக்கலாம் கண்ணு" என்று சாமை வாங்கப் போன என்னை வெறும் பையோடு திருப்பி அனுப்பினார்கள். காட்டில் புதுச் சாமை கதிர் முற்றித் தலை சாய்த்து நின்றது. ஆனால் அதை யாரும் அறுத்து வாயில் வைக்க முடியாது. புதுத் தானியத்தை முதலில் சாமிக்குப் படைக்க வேண்டும். படைக்கும் நாளை ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் குறிக்க வேண்டும். அந்த வருஷம் பார்த்து ஊர்க்கவுண்டரின் அண்ணன் இறந்துபோனார். தீட்டு கழிந்து அந்தப் படையல் நோன்பை வைக்க இன்னும் ஒரு மாதம் ஆகும் என்றார்கள்.

மத்தியானச் சோறு நின்றதும் பிள்ளைகள் காட்டுக்கிழங்கு தோண்டப் போய்விட்டார்கள். முப்பத்தொரு பேர் இருந்த பள்ளிக்கூடத்தில் ஒரு திங்கட்கிழமை வந்தது ஒன்பதே பேர். வாத்தியார் சாயங்காலம் பெரியப்பாவைத் தேடி வந்தார்.

"ஏனுங்க, இப்படியே போனா மேல எழுதிப் போட வேண்டியதுதானுங்க. பிள்ளைக இல்லைன்னா பள்ளிக்கூடத்தைச் சாத்திருவாங்க. என்னையக் கீழ மாத்திருவாங்க. மறுபடி இந்த மலைக்கு ஒருத்தர் ஏறி வர எத்தனை வருஷம் ஆகுமோ. மூலையில ரெண்டு மூட்டை ரவை அப்படியே இருக்குதுங்க."

பெரியப்பா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேராக ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். நோன்பை இந்த ஒரு வருஷம் மட்டும் முன்னால் வைக்க முடியுமா என்று கேட்டார்.

ஊர்க்கவுண்டர் வெற்றிலையை மடித்தபடி அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஏப்பா, போன வருஷம் மழை வரப்போவுது, நாலு நாள் முந்தி வெச்சிக்கலாம்னு எளவட்டப் பசங்க கேட்டப்ப, வழக்கத்துல கைவெச்சா ஊரு உருப்படுமான்னு இதே எடத்துல நின்னு கத்துனது யாரு?"

"நானுங்க."

"இப்பக் கேக்கறது யாரு?"

"நான்தானுங்க."

"ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு ஊர்க்கவுண்டர் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார்.

அன்று ராத்திரி பெரியப்பா சாப்பிடவில்லை. சாமியின் முறையைக் காத்தால் பள்ளிக்கூடம் போகும். மூட்டையைப் பிரித்தால் நாட்டின் மானம் போகும், ஊரறியச் சொன்ன சொல்லும் போகும். எனக்கு இது எதுவும் புரியவில்லை. உப்புமா வருமா வராதா என்பது ஒன்றுதான் என் கவலை. அந்த அளவில் நானும் அவரும் ஒரே விஷயத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டோம் என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் மத்தியானம் பெரியப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கையில் எங்கள் வீட்டுப் பித்தளைப் படி. அத்தையிடம் கொடுத்து, "மூட்டையப் பிரி. அளந்து போடு" என்றார்.

"அளந்து எதுக்கண்ணா? எனக்குக் கையளவு தெரியாதா?"

"கடன்னா அளந்துதான் வாங்கோணும்."

எங்கள் மலையில் பஞ்ச மாதத்தில் தானியக் கடன் வாங்குவது அவமானமில்லை. பங்காளியிடம் ஒரு படி வாங்கினால் அறுப்புக்குப் பிறகு ஒன்றேகால் படியாகத் திருப்பித் தருவார்கள். யாரும் கேட்க மாட்டார்கள், யாரும் மறக்கவும் மாட்டார்கள். பெரியப்பா ராத்திரியெல்லாம் விழித்திருந்து கண்டுபிடித்த வழி இதுதான். இனாம் வாங்குவதில்லை என்றுதானே ஊர் முடிவு செய்தது? கடன் வாங்குவதில்லை என்று யாரும் சொல்லவில்லையே.

"கடனா? யாருகிட்டண்ணா?"

"குடுத்தவங்ககிட்ட."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அமெரிக்காக்காரன் மலையேறி வந்து வாசல்ல நின்னு கேக்கப் போறானாக்கும்?"

"கேக்காட்டிக் குடுக்கக் கூடாதா?"

அத்தை அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. சத்தமாக ஒன்று, இரண்டு என்று அளந்து போட்டார். நான் அடுப்பங்கரைச் சுவரில் கரியால் இரண்டு கோடு இழுத்தேன். அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. எதைக் கண்டாலும் எண்ணுகிற என் வியாதி அன்றைக்குத் தொற்றியதுதான். உப்புமா வெந்ததும் பெரியப்பா எங்கள் வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து முதல் இலையை வாங்கிக்கொண்டார். கதவோரம் ஊரே நின்று பார்த்தது. ஒரு வாய் வைத்து மென்றார். விழுங்கினார்.

"உப்புப் பத்தலை" என்றார்.

ஒரு வல்லரசைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதிலேயே கடுமையான விமரிசனம் அதுதான். பிறகு இலையைச் சுத்தமாக வழித்துச் சாப்பிட்டார். அந்த வாரக் கடைசியில் முப்பத்தொரு பேரும் திரும்பிவிட்டார்கள்.

நோன்பு முடிந்து அறுப்பும் முடிந்தபோது சுவரில் நாற்பத்தெட்டுக் கோடுகள் இருந்தன. ஒன்றுக்கு ஒன்றேகால் வீதம் அறுபது படி சாமை. வீடுகள் கொடுத்துவிட்டன. ஆனால் கூட்டத்தில் ஒரு புது விவாதம் கிளம்பியது.

"அமெரிக்காவுல உரல் இருக்குமா?"

"மாவு மில்லு இருக்கும். உரலுக்கு எங்க போவாங்க?"

"உமியோட அனுப்புனா மாட்டுக்குப் போட்டுருவாங்க. நம்ம மானந்தான் போவும்."

ஆகவே உரல் இல்லாத தேசத்துக்கு உமியோடு அனுப்புவது மரியாதையில்லை என்று தீர்மானமாயிற்று. குத்திப் புடைத்த அரிசியாகவே அறுபது படி. இரண்டு நாள் ஊரில் உலக்கைச் சத்தம் ஓயவில்லை. பெண்கள் அமெரிக்காக்காரர்களைத் திட்டிக்கொண்டே குத்தினார்கள், கல் பொறுக்கும்போது மட்டும் கவனமாகப் பொறுக்கினார்கள்.

அறுபது படியையும் இரண்டு மூட்டையாகக் கட்டி, ரோடு வரை தலைச்சுமையாகக் கொண்டுபோய், மரவள்ளிக்கிழங்கு லாரியில் ஏற்றி, வாத்தியார், பெரியப்பா, நான் மூன்று பேரும் சேந்தமங்கலம் போனோம். கோடு போட்டவன் என்ற முறையில் நான் சாட்சி. பள்ளிக்கூடங்களுக்கு ரவை அனுப்புகிற ஆபீசில் இருந்த அதிகாரி, வாத்தியார் சொன்னதை முழுதும் கேட்டுவிட்டு, காதில் ஏதோ புகுந்துவிட்டது போலத் தலையை உதறினார்.

"திருப்பிக் குடுக்கறீங்களா? இத வாங்கி வெக்கறதுக்கு எங்ககிட்ட வழியே இல்லீங்களே. இது வரைக்கும் யாரும் குடுத்ததில்லைங்க."

"அதுக்கு நாங்க என்னங்க பண்றது?" என்றார் பெரியப்பா.

"எங்கீங்க அனுப்பச் சொல்றீங்க?"

"வந்த எடத்துக்கு."

அதிகாரிக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. மூட்டையின் வாயைப் பிரித்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். ஒரு கல் இல்லை, ஒரு உமி இல்லை. அள்ளியதைச் சிந்தாமல் மூட்டைக்குள்ளேயே போட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏனுங்க கவுண்டரே, இது அமெரிக்கா போய்ச் சேரும்னு நெசமாவே நம்பறீங்களா?"

"போய்ச் சேராட்டி அது உங்க பொறுப்புங்க. நாங்க கொண்டாந்துட்டம்" என்றார் பெரியப்பா.

அதிகாரி ஆளைக் கூப்பிட்டார். மூட்டைகள் தெருவைக் கடந்து, எதிரில் இருந்த ஏழைப் பிள்ளைகள் விடுதிக்குள் போயின. விடுதி வாசலில் என் வயதுப் பையன்கள் நாலைந்து பேர் கையில் தட்டோடு நின்று மூட்டைகளுக்கு வழிவிட்டார்கள். துறைமுகம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது போலும் என்று நான் நினைத்துக்கொண்டேன். பெரியப்பாவும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வேட்டியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு, "வா சாமி, இட்லி சாப்புடலாம்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில், "கப்பல் எப்பங்க போய்ச் சேரும் பெரியப்பா?" என்று கேட்டேன்.

"காத்து நல்லா இருந்தா தை மாசத்துக்குள்ள."

ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. ரோடு மோசம் என்று நினைத்தேன்.

இன்றைக்கு எழுபதை நெருங்கும் வயதில், அன்றன்றைக்கே வருகிற பேப்பரை வைத்துக்கொண்டு நானும் தினமும் காலையில் கவலைப்படுகிறேன். எங்கோ இரண்டு நாடுகள் அடித்துக்கொண்டால் இங்கே உர விலை ஏறுகிறது. எந்தத் துறைமுகத்திலோ கப்பல் வந்து நின்றால் எங்கள் மிளகின் விலை இறங்குகிறது. தேர்தல் வந்தால் தருகிறேன் தருகிறேன் என்று எல்லாக் கட்சியும் எண்ணிச் சொல்கிறது. யார் பணம் என்பதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. ஆனாலும் நம் அரிசி இன்று கப்பலேறி அயல்நாடுகளுக்குப் போகிறது என்று படிக்கும்போது கவலையைச் சற்று இறக்கி வைக்கிறேன். அறுபது படியைக் குத்திப் புடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்த இருபத்திரண்டு வீடுகள் ஒரு மலையில் இருந்தால், அப்படி எத்தனை மலைகள், எத்தனை வீடுகள் என்று பெருக்கிப் பார்க்கிறேன். தொகை நன்றாகத்தான் வருகிறது.

மூட்டை எங்கே போகிறது என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது என்பதும், பஸ்ஸில் அவர் தோள் குலுங்கியது ரோட்டினால் இல்லை, அடக்கிய சிரிப்பினால் என்பதும் எனக்கு விளங்கப் பல வருஷம் ஆயிற்று. அன்று விளங்கியது செலவு மட்டும்தான். ஊரிடம் அவர் ஒரு காசு கேட்கவில்லை. லாரிக்கு ஐந்து ரூபாய், மூட்டை தூக்கியவருக்கு ஒரு ரூபாய், இட்லியும் காபியும் எண்பது பைசா, பஸ்ஸுக்கு ஒரு ரூபாய் இருபது பைசா. அமெரிக்காவின் கடன் தீர்ந்த வகையில் என் பெரியப்பாவுக்கு ஆன மொத்தச் செலவு எட்டு ரூபாய்.