ஆனைக்குக் கொடுத்த சக்கை

எங்கள் சபைக் கோயிலின் உத்தரங்களைப் பார்க்கிறவர்கள் அவற்றின் நீளத்தையும் நேரையும் புகழ்வார்கள். எனக்கு மட்டும் அவற்றை அண்ணாந்து பார்த்தால் பழுத்த சக்கையின் மணம் வரும். பலாப்பழத்தை நாங்கள் சக்கை என்றுதான் சொல்வோம்.

எனக்கு அப்போது எட்டு வயது. மூன்றாம் வகுப்பு முடித்து வீட்டில் இருந்தேன். அதற்குமேல் என்னைப் படிக்க அனுப்பவில்லை. கீரிப்பாறைக்கு மேலே ஒரு செங்குத்தான சரிவில் ஒன்பது பெரிய அயனிமரத் தடிகள் வெட்டிக் கிடந்தன. கோயில் உத்தரத்துக்கான அந்தத் தடிகளை மழைக்கு முன்னால் இறக்கித் தருவதாக அப்பா சபையாரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். வைகாசி நடுவில் வரும் இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் சரிவில் கால் வைக்க முடியாது. பிறகு அடுத்த வருடம்தான்.

எதைக் கொண்டு இறக்குவது என்பதில் அப்பாவுக்கும் மாமாவுக்கும் தர்க்கம். மாமா அம்மாவின் தம்பி. மலைத் தோட்டம் ஒன்றில் வேலை பார்த்தவர். அங்கே கையால் சுற்றும் ஒரு இரும்புச் சக்கரம் சும்மா கிடந்தது, கம்பிவடத்தோடு. சக்கரத்தைச் சரிவின் மேலே ஒரு மரத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும், வடத்தின் நுனியைத் தடியில் பூட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும், தடி பூப்போல இறங்கும் என்றார் மாமா. அப்பாவுக்கு ஆனையைத் தவிர எதிலும் நம்பிக்கை இல்லை.

"ஆனைக்கு அறிவு உண்டு. ஒனக்க சக்கரத்துக்கு உண்டாலே?" என்றார் அப்பா.

"சக்கரத்துக்கு என்னத்துக்கு அத்தான் அறிவு? சுத்துகவனுக்கு இருந்தாப் போரும்."

"அதுதாம்லே எனக்குப் பயம். சுத்துகது நீயில்லா!"

மாமாவும் சேர்ந்து சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. எரிந்துகொண்டிருந்த அடுப்பையே ஊதிக்கொண்டிருந்தாள்.

ஆனை இழுத்தாலும் சரிவில் தடி தன் போக்கில் உருளப் பார்க்கும். அதைத் தடுக்க ஒருவர் தடிக்குக் கீழ்ப்பக்கமாக நடந்து, அடிக்கடி அடைகட்டை வைத்துக்கொண்டே வர வேண்டும். அந்த வேலையை அப்பா வேறு யாருக்கும் கொடுக்கமாட்டார். அவருக்கு முன்னால் அதைச் செய்தவர் பெரியப்பா. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு தடி அவர்மேல் ஏறியது. நெய்யூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிற வழியிலேயே முடிந்துபோயிற்று. எனக்கும் தெரிந்த கதைதான். அதையும் இந்த ஆனையையும் சேர்த்து நினைக்கத்தான் எனக்குத் தெரியவில்லை.

ஆனை வந்தது. பெண் ஆனை. பாதை வெட்டி முடிகிறவரை அதை மலையடியில் ஓடைக்கரையில் கட்டியிருந்தார்கள். முதல் நாள் காலையிலேயே மாமா வந்து, "ஏட்டி, ஆனையைப் பாக்க வாறியா?" என்று கூப்பிட்டார். ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிகிற பிள்ளை நான். ஆனால் ஆனையிடம் எனக்குக் கூச்சம் வரவில்லை. அது என் பெயர் என்ன, எத்தனையாம் வகுப்பு என்றெல்லாம் கேட்கவில்லை.

வீட்டுக் கொல்லையில் ஒரு கூடை நிறையப் பழுத்த சக்கை பிளந்து தயாராக இருக்கும். மாமா சுமந்து வருவார், நான் துண்டு துண்டாக நீட்டுவேன். நாலாம் நாள் முதல் கூடையோடு என்னைத் தூரத்தில் கண்டாலே ஆனை காதை விசிறிக்கொண்டு முனகும்.

"அப்பாட்ட சொல்லாண்டாம், கேட்டியா மக்ளே? ஆனைக்கு வயிறு வீங்கும்னு ஏசுவாரு," என்றார் மாமா. நான் யாரிடமும் எதையும் சொல்லாதவள். அதற்காகவே என்னைப் பிடித்தாரோ என்னவோ.

தடி இழுக்கிற நாள் வந்தது. அன்று மாமா கூடையைக் காலியாகவே என் கையில் தந்து, ஓடைக்கல்லின்மேல் நிற்கச் சொன்னார். "ஒண்ணும் செய்யாண்டாம். சும்மா நில்லு."

அப்பா அடைகட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் ஏறினார். ஆனை பத்தடி ஏறியது. நின்றது. துதிக்கையைத் தூக்கி மோந்தது. ஆனைக்காரர் போட்ட சத்தத்தைக் காதில் வாங்காமல் திரும்பி, சங்கிலியை இழுத்துக்கொண்டு நேரே இறங்கி வந்து என் கூடைக்குள் துதிக்கையை விட்டது. வேலைக்காரர்களெல்லாம் ஓவென்று சிரித்தார்கள். எனக்கு ஓடைக்குள் குதித்துவிடலாம் போலிருந்தது. மறுபடி ஏற்றினார்கள். மறுபடியும் வந்தது.

மூன்றாம் தடவை ஆனைக்காரர் கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு முகத்தைச் சிரிப்பில்லாமல் வைத்துக்கொண்டு, ஆனையைத் தட்டிக்கொடுத்து, "இவளுக்கு ஈ சரிவு பிடிக்கல்ல மேஸ்திரி. நிர்பந்திச்சா சரியாவாது," என்று அப்பாவிடம் மலையாளம் கலந்து சொன்னார்.

அப்பா என்னிடம் வந்து, கூடையை வாங்கி ஓரமாக வைத்தார். "ஏலே, ஒனக்க சக்கரத்தைக் கொண்டா," என்றார் மாமாவிடம்.

ஆறு தடிகள் கம்பிவடத்தில் பூப்போலவே இறங்கின. மலையடியிலிருந்து சாலைவரை சமதரையில் அவற்றை ஆனை இழுத்தது. அங்கே சொன்ன சொல் தட்டவில்லை. ஏழாவது தடி பாதிச் சரிவில் வந்தபோது வடம் அறுந்தது.

மேலே ஆட்கள் கூவியது கேட்டது. தடி வெட்டிய பாதையிலேயே ஓடி வந்து, பாதையோரம் நின்ற ஒரு காட்டுவாழையை மண்ணோடு அரைத்துவிட்டு, ஓடையில் மோதி நின்றது. பாதையில் ஆள் இல்லை. அப்பா மேலே சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றார். கஞ்சி கொண்டு வந்திருந்த அம்மா என் தோளைப் பிடித்த பிடியில் நான் வலிக்கிறது என்று அழுதேன். அவள் விடவில்லை.

அப்பா இறங்கி வந்தார். அரைபட்ட வாழையைக் குனிந்து பார்த்தார். பிறகு மாமாவிடம், அறுந்த வடத்தை முடிச்சுப் போட்டுச் சேர்க்காமல் புதிதாக வாங்கி வரச் சொன்னார்.

மழைக்கு முன் ஒன்பது தடியும் இறங்கிவிட்டன. அடுத்த ஞாயிறு எல்லாரும் கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தார்கள். மற்றவர்கள் வாழைக்குலை, தேங்காய், கோழி என்று வைக்க, அம்மா ஒரு பெரிய சக்கையைத் தானே இடுப்பில் சுமந்து வந்து வைத்தாள். அவள் விரல் இடுக்குகளில் சக்கைப்பால் கறுத்துப் படிந்திருந்தது; எண்ணெய் தேய்த்தும் போகவில்லை. ஆனைக்குக் கொடுக்கிறதைக் கர்த்தருக்குக் கொடுக்கிறாளே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. கொல்லையில் தினமும் கூடை நிறையச் சக்கை பிளந்து வைத்தது யார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவது வழக்கம். எந்த ஏலத்திலும் வாய் திறக்காத அப்பா அன்று சக்கைக்குக் கேட்டார். விடாமல் கேட்டு எடுத்தார். தூக்கிக்கொண்டு வந்து, அம்மாவுக்கும் மாமாவுக்கும் நடுவில் நின்ற என் காலடியில் வைத்தார்.

"கொண்டுபோயி ஒனக்க ஆனைக்குக் குடு, மக்ளே. காத்துக் கெடக்கும்."

மாமா கோயிலின் பழைய கூரையைப் பார்த்தார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

அதற்குப் பிறகு முப்பத்தொரு வருடம் எனக்கு அப்பா இருந்தார். என் பிள்ளைகளையும் தூக்கினார். அதற்காக நான் யாருக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டும் என்பது அன்றைக்குத் தெரியவில்லை. ஆனை எனக்குப் பழக்கம் என்று அப்பாவிடம் யார் சொன்னார்கள் என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை. சக்கை கனத்தது. தூக்க முடியாமல் தரையில் உருட்டிக்கொண்டே ஓடைக்கரைக்குப் போனேன்.