என்னை நடக்கவிட்டுப் பார்த்த தோட்டம்

அந்த மயில்நீலச் சேலையை மச்சாளே எனக்கு உடுத்திவிட்டார். பலெர்மோவில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூடப் பாவாடை சட்டையோடு போகிறவள் நான். "தோட்டம் பாக்கிறதுக்குச் சேலை என்னத்துக்கு?" என்றேன். "ஜனாதிபதி வீடெல்லே பிள்ளை, வடிவாய்ப் போகவேணும்" என்றார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சிசிலித் தீவின் மாகாண அரசுத் தலைவரை அங்கே ஜனாதிபதி என்பார்கள். அவருக்கான பழைய மாளிகை, நாங்கள் குடியிருந்த அல்பெர்கேரியாப் பகுதியிலிருந்து நடைதூரம். அண்ணனின் மனைவியான மச்சாளைவிட நெருக்கமானவர் எனக்கு அந்த ஊரில் இல்லை. பிரான்காச்சோவில் தச்சுப்பட்டறையில் வேலைசெய்த ஒருவரை நான் விரும்புவதை அவரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். "கொண்ணையோடை நான் கதைக்கிறன். அதுமட்டும் நீ வாய் திறவாதை" என்றிருந்தார். அண்ணனைச் சம்மதிக்க வைத்துவிடுவார் என்று நம்பினேன்.

மாளிகை வாசலில், ஜெர்மனியிலிருந்து வந்த ஓர் அம்மாவும் மகனும் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். மச்சாளுக்கு ஊரில் தெரிந்தவர்களாம். வழிகாட்டி இத்தாலிய மொழியில் சொன்னதையெல்லாம் நான் உற்சாகமாய்த் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். அந்த அம்மா ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிக் கேட்டார். தோட்டத்துப் பாதையில், "நீ முன்னாலை போ பிள்ளை" என்று என்னை விட்டு அவர்கள் பின்னால் வந்தார்கள். அன்னங்களைப் பார்த்துச் சிரித்தபடி நடந்தேன், விசரி! எங்கள் ஊரில் கோயில் திருநாளில் வைத்துப் பெண் பார்ப்பார்கள். பேச்சில் திக்கல் உண்டா, நடையில் நொண்டல் உண்டா என்று அவளுக்கே தெரியாமல் பார்ப்பார்கள். அந்த வழக்கம் கடல் கடந்து ஜனாதிபதி வீட்டுக்குள்ளும் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

திரும்பும்போது வியா மக்வேதாத் தெருவில் மச்சாள் சொன்னார்: "அவையளுக்குப் பிடிச்சிட்டுது. கொண்ணையும் ஓமெண்டிட்டார்."

"அப்ப, நான் உங்களிட்டைச் சொன்னது?"

"அதை அவரிட்டைச் சொன்னபடியாத்தான் இவ்வளவு கெதியாய் ஒழுங்கு செய்தவர்."

"கூட இருந்தே குழி பறிச்சிட்டியளே மச்சாள்!"

"எல்லாம் உன்ரை நன்மைக்குத்தான்."

தெருவென்றும் பாராமல் அழுதேன். இத்தாலிக்கு என்னைக் கூப்பிட்டு வேலையும் எடுத்துத் தந்த அண்ணனை எதிர்த்துப் பேச எனக்குத் துணிவு வரவில்லை. பட்டறைக்காரருக்கு நானே விஷயத்தைச் சொன்னேன். அவர் கையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிக்கொண்டே நின்றார்.

அந்த அம்மாவின் மகனைக் கட்டி, இப்போது ஜெர்மனியில் இருக்கிறேன். இவர் தங்கமான மனிதர், என்னை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. நத்தாருக்கு நத்தார், கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்ல மச்சாள் தொலைபேசியில் கூப்பிடுவார். "பாத்தியே, நான் பிழையாச் செய்யேல்லை" என்பார். இவர் கெட்டவராய் இருந்திருந்தால், நாக்கைப் பிடுங்குகிற மாதிரி மச்சாளிடம் நாலு கேள்வி கேட்டிருப்பேன். "ஓம் மச்சாள்" என்று மட்டும் சொல்லிவிட்டு, தொலைபேசியை இவரிடம் கொடுத்துவிடுகிறேன்.