சத்தம் கேக்குது, சொல்லு கேக்கல

ஆசீர் சார் தவறிட்டாங்க.

காலையில வாட்ஸ்அப் குரூப்ல அவர் போட்டோவை மட்டும் பார்த்துட்டு "பிறந்தநாள் வாழ்த்துகள் சார்"னு போட்டுட்டேன். மக போன் பண்ணி, "அப்பா, கீழ எழுதியிருக்கிறதைப் படிங்க... மொதல்ல அதை அழிங்க"ன்னா.

அழிச்சேன். எனக்கு மட்டும் அழிஞ்சிருக்கு. மத்த எல்லாருக்கும் தெரியுது. நம்ம படிப்பு அம்புட்டுத்தான்.

சார் ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு காது டாக்டர்கிட்ட டெஸ்ட் எடுக்கிறவர். ஹெட்போனை மாட்டி, "பீப் கேட்டா கையைத் தூக்கு"ம்பார்.

தொண்ணூறுகளோட தொடக்கம். நான் ராஜபாளையத்துல மில்லு வேலை. மூணாவது படிச்ச மகளைக் கூட்டிட்டுப் போனேன். சொன்னது எதையும் கேக்க மாட்டேங்கா, வேற ஸ்கூல் பாருங்கன்னு அவ டீச்சர் சொல்லிட்டாங்க.

எல்லா பீப்புக்கும் கையைத் தூக்கிட்டா. அங்கனயே முதுகுல ஒண்ணு வச்சேன். "ஏட்டி, காது நல்லாத்தான இருக்கு? பொறவு ஏன் கேக்க மாட்டேங்க?"

சார் எந்திரிச்சு வந்தார். "அண்ணாச்சி, கேக்க மாட்டேங்காளா... கேக்கலையா? ரெண்டும் வேற."

எனக்கு அதுவரைக்கும் ரெண்டும் ஒண்ணுதான். நம்ம ஊர்ல பேச்சு கேக்காத பிள்ளைன்னா திமிர் பிடிச்ச பிள்ளை.

ஃபேனை ஃபுல்லா வச்சு, அவ பின்னால நின்னு "பத்து"ன்னார். அவ "பட்டு"ன்னா. "குடம்"ன்னார். "குளம்"ன்னா. ஃபேனை நிறுத்தி, முன்னால வந்து சொன்னார்... எல்லாம் சரி.

"சத்தம் கேக்குது அண்ணாச்சி. சொல்லு கேக்கல. காது அனுப்புறதை மூளை பிரிச்சு எடுக்கணும். அங்க ஏதோ சிக்கல்."

"மூளையா? எம்மக என்ன லூசா?"

சார் கோவப்படல. "உங்க மில்லுல மெஷின் எல்லாம் இருக்கு. பாதி ஓடலைன்னா நூல் எப்படி வரும்?"

"அத்து அத்து வரும்."

"அதான். ஜீன்னு ஒண்ணு, அப்பா அம்மாகிட்ட இருந்து வாரது. இருந்தா மட்டும் பத்தாது, ஓட வேண்டிய இடத்துல ஓடணும். அது கூடக் குறைய ஓடுனா, மூளையில சத்தத்தைப் பிரிக்கிற இடம் இப்படி ஆகலாம்னு படிச்சேன்."

அப்புறம் கேட்டார். "உங்க குடும்பத்துல யாருக்காவது இப்படி உண்டா? இருந்தா டாக்டர்கிட்ட சொல்வேன். மதுரைக்கு எழுதித் தருவார். ஸ்கூலுக்கும் லெட்டர் கிடைக்கும்."

"எங்க வம்சத்துல அப்படி யாரும் கிடையாது."

யோசிக்கவே இல்ல நான்.

சீட்டுல 'காது இயல்பாக உள்ளது'ன்னு எழுதிக் கொடுத்தாங்க. லெட்டர் இல்ல, மதுரை இல்ல. அந்த ஸ்கூலும் இல்ல. புது ஸ்கூல்ல மூணு வருஷம் கடைசி பெஞ்ச். அவ வாங்குன அடி... நான் கொடுத்ததையும் சேர்த்துக்கோங்க.

ஆசீர் சார் விடல. ஒரு லீவு நாள்ல பஸ் ஏறி வீட்டுக்கே வந்துட்டார். "மொதல்ல பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. அவ உங்க மூஞ்சியைப் பார்த்த பொறவு பேசுங்க"ன்னு என் சம்சாரத்துக்குச் செஞ்சு காட்டினார். இன்னைக்கு அவ நாலு பேரு முன்னாடி நின்னு பேசுறான்னா, அதுல ஆரம்பிச்சதுதான்.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கிட்டே மறுபடி கேட்டார். "நல்லா யோசிச்சுப் பாருங்க அண்ணாச்சி. யாருமே இல்லையா?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சு சார்"ன்னேன்.

இன்னைக்குச் சாயங்காலம் சார் வீட்டுக்குப் போயிட்டு வந்தேன். ஜெபம், பாட்டு, அழுகைன்னு ஒரே கூட்டம். அவர் மகன் பக்கத்துல வந்து என்னமோ கேட்டார். ஒண்ணும் பிடிபடல. தலையை ஆட்டி வச்சேன்.

பெட்டிக்குப் பக்கத்துல செத்த நேரம் நின்னேன். வாய் வரைக்கும் வந்துச்சு... வரல.

நல்லபடியாப் போயிட்டு வாங்க சார்.

எனக்குத்தான் சார். சின்னப் பிள்ளையில இருந்தே.