நரம்பைப் படித்த கடன்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்பவர்களுக்கு, மனித உயிரியல் படித்த நான் டாக்டர். "இல்ல ஆன்ட்டி" என்றால், "அப்போ நர்ஸா?" என்பார்கள். அதுவும் இல்லை என்றதும் பேச்சு நின்றுவிடும்.

பல்கலைக்கழகத்தில் ஒரு மாதிரி மயக்கத்தில்தான் படித்தேன். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் ஊதா நிறத்தில் ஓர் ஊர் விரியும். கல்லீரலின் தெருக்களில் நடந்து, சிறுநீரகத்தின் சுருண்ட சந்துகளில் வழி தவறி, மணி அடித்த பிறகுதான் வெளியே வருவேன். ஒவ்வொரு பருவத்துக்கும் அரசாங்கத்தின் கல்விக் கடன் ஏறிக்கொண்டே போனது. அது வேறு யாருடைய பெயரிலோ ஏறுவது போலத்தான் இருந்தது.

பட்டம் வாங்கி வந்ததும் விழித்துக்கொண்டேன். ஜொகூர் பாருவில் ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. சம்பளத்தைக் கேட்டுவிட்டு அண்ணன் சிரித்தான். அவன் பல வருடங்களாக எல்லை தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போய் வருகிறவன்.

"இந்தச் சம்பளத்துல கடன் கட்டி முடிக்கிறதுக்குள்ள நீ கெழவி ஆயிடுவ. பேசாம அந்தப் பக்கம் வா லா."

போனேன். ஊசிக்குழல்களைப் பொட்டலம் கட்டும் தொழிற்சாலை. அந்த வேலைக்கு என் பட்டம் தேவையே இல்லை. ஆனால் பட்டத்துக்கு வாங்கிய கடனை அந்த வேலைதான் கட்டியது. சிங்கப்பூர் வெள்ளியில் வாங்கிய சம்பளம் மலேசிய ரிங்கிட்டாகப் பெருகும்போது, மாதாமாதம் கடன் கரைவது கண்ணுக்கே தெரிந்தது.

கெலாங் பாத்தாவிலிருந்து கம்பெனி பஸ் விடியும் முன்பே கிளம்பும். சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தில் ஏறும்போது இரண்டு பக்கமும் கடல் வெளுக்கத் தொடங்கியிருக்கும். பஸ்ஸில் எல்லாரும் தூக்கம். நான் மட்டும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருவரின் கழுத்தில் நாடி மெல்ல எழுந்து அடங்கும். இன்னொருவரின் மூடிய இமைக்குள் கண் உருளும். அவர் என்ன கனவு காண்கிறாரோ என்று யோசித்தபடியே நானும் அரைக்கனவில் மிதப்பேன்.

பக்கத்து இருக்கையில் ஒரு மலாய்க்கார அக்கா வருவார். தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழுந்து, வலது கையை உதறிக்கொண்டே இருப்பார். ஒருநாள் அக்கா என்பதற்கு மலாயில் சொல்வது போல ‘காக்’ என்று கூப்பிட்டுக் கேட்டேன்.

"கை மரத்துப் போகுதா காக்?"

"ஆமா. வயசாயிடுச்சு."

"சுண்டு விரலுமா?"

அவர் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "அலமாக்! சுண்டு விரல் நல்லா இருக்கே. உனக்கு எப்படித் தெரியும்?"

அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, இதற்குள் ஒரு குறுகலான வழி இருக்கிறது, அதில் ஒரு நரம்பு நெரிபடுகிறது போல, அந்த நரம்பு சுண்டு விரலுக்குப் போவதில்லை என்றேன். டாக்டரிடம் காட்டச் சொன்னேன். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்றார். விடுமுறை நாளில் ஜொகூர் பாருவில் ஒரு மருத்துவமனைக்கு நானும் கூடப் போனேன்.

அங்கே ஒரு சின்ன அறையில், வெள்ளைக் கோட்டு போட்ட பெண் ஒருத்தி அக்காவின் கையில் ஒயர்களை ஒட்டி, மணிக்கட்டில் இலேசாக மின்சாரம் கொடுத்தாள். கட்டைவிரல் தானாகத் துள்ளியது. திரையில் ஓர் அலை தாமதமாக எழுந்தது. புத்தகத்தில் கோடாகப் பார்த்த நரம்பு, உயிருள்ள ஒருத்தியின் கைக்குள் மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்தது.

"இந்த வேலைக்கு என்ன படிக்கணும்?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"உயிரியல் பட்டம் போதும். மத்ததெல்லாம் இங்கயே பழக்குவாங்க. ஆள்கூட தேடிட்டிருக்காங்க."

அக்காவுக்குச் சின்ன அறுவை சிகிச்சை நடந்து கை சரியானது. என் மனந்தான் அந்த அறையிலேயே தங்கிவிட்டது. விண்ணப்பித்தேன், கிடைத்தது. சிங்கப்பூரில் வாங்கியதில் பாதிகூட இல்லாத சம்பளம். அங்கேயே இருந்தால் இன்னும் கொஞ்ச காலத்தில் கடன் முடிந்திருக்கும். இங்கே வந்தால் எப்போது முடியுமென்று நினைக்கவே பயமாக இருந்தது. அண்ணன் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

முதல் சம்பளம் வந்ததும் வீட்டில் எல்லாரையும் கடலோர ஊரான மெர்சிங்குக்கு அழைத்துப் போனேன். படகுத்துறைப் பக்கத்துக் கடையில் சுட்ட மீன் வந்தது. காற்றில் உப்பு. தூரத்தில் தீவுகள் இருப்பதும் இல்லாததுமாகத் தெரிந்தன.

"கணக்குப் போட்டுப் பாத்தியா?" என்றான் அண்ணன்.

"பாத்தேன்ணே."

"சரியா வருதா?"

"வரல."

அவன் மீனின் முள்ளை எடுத்துவிட்டு, பெரிய துண்டாக என் தட்டில் வைத்தான்.