பின்சீட்டில் ஆள் ஏறினால் பிடிக்கும் பிரேக்

1. தோசை சுடலாம்

"அண்ணே, தொட்டுப் பாருங்க லா. தோச சுடலாம்."

ஆரோக்கியம் பின் சக்கரத்தைக் காட்டினார். தொட்ட விரலை உடனே இழுத்துக்கொண்டேன். பிரேக் டிரம் அப்படிக் கொதித்தது. பழைய கப்சாய், சின்ன மோட்டார் சைக்கிள். அவர் செம்பனை எஸ்டேட்டில் ஜாகா, அதாவது காவல் வேலை பார்ப்பவர். வாரத்தில் மூன்று நாள் மனைவி லூர்துவை ரத்தம் கழுவ டவுனுக்கு ஏற்றி வருவார். அன்றும் லூர்துவை டயாலிசிஸ் சென்டரில் இறக்கிவிட்டு நேராக என் கடைக்கு வந்திருந்தார்.

கோல சிலாங்கூரில் முப்பத்தெட்டு வருடம் மோட்டார் கடை வைத்திருந்தவன் நான். பிரேக் ஒட்டுவதெல்லாம் எனக்கு ஒரு விஷயமா? டபுள் ஸ்டாண்டு போட்டுச் சக்கரத்தைச் சுற்றினேன். சும்மா வழுக்கிக்கொண்டு சுற்றியது. ஆனாலும் டிரம்மைத் திறந்து தூசி தட்டி, துருப்பிடித்த பிரேக் கேமுக்குக் கிரீஸ் வைத்தேன். கம்போங் குவாந்தான் சிம்பாங் முச்சந்தி வரை ஓட்டிப் போய்த் திரும்பினேன். டிரம் சூடே ஏறவில்லை.

"நீங்க பெடல் மேல கால வச்சிக்கிட்டே ஓட்டுறீங்க ஆரோக்கியம். வண்டி மேல தப்பு இல்ல."

"நான் எதுக்குண்ணே கால வைக்கிறேன்?" என்றார். மேற்கொண்டு வாதாடவில்லை. அவர் அப்படிப்பட்ட ஆள்தான்.

2. ஸ்பிரிங்கும் ஷூவும்

அடுத்த வாரம் மறுபடி வந்தார். இந்த முறை ரிட்டர்ன் ஸ்பிரிங்கை மாற்றினேன், பிரேக் ஷூவையும் புதிதாகப் போட்டேன். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன், ஓட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அவர் மட்டும் கிளம்பாமல் நின்றார்.

"அண்ணே, நல்லா பாத்துட்டீங்களா? ரெண்டு தடவ லேட்டாயிடுச்சு. போன வாரம் மெஷின வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. லூர்து சாயந்திரம் வரைக்கும் காஞ்சு கெடந்தா. மக கிள்ளான்லேருந்து போன்ல கத்துறா. இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா, அம்மாவ நான் கூட்டிக்கிட்டுப் போயிடுவேன்ங்குறா."

"நீங்களும் கூடவே போங்களேன்."

"ஜாகா வேலைய விட்டா எஸ்டேட் வூட்ட காலி பண்ணணும். அவ ஃபிளாட்டுல ரெண்டு ரூம், ஆறு பேரு. நான் எங்கண்ணே படுக்குறது?"

இதைக் கேட்ட பிறகாவது நான் இன்னும் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். "இனிமே வராது, போங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டேன். அந்தத் திமிர் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

3. சிவப்பு நாற்காலி

நான்காம் நாள் காலை இருவரும் சேர்ந்தே வந்தார்கள். ஆரோக்கியம் வியர்க்க விறுவிறுக்க வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் லூர்து, கையில் துணிப்பையோடு, நின்று நின்று நடந்து வந்தார். என் கடைக்கு அரை மைல் முன்னால் சக்கரம் இறுகிப் புகை வந்துவிட்டதாம். லேட்டாகும் என்று சென்டருக்குச் சொல்லச் சொல்லி வழியிலேயே மகளுக்குப் போன் போட்டுவிட்டார்களாம். டயாலிசிஸுக்கு இன்னும் இருபது நிமிடம்தான் இருந்தது.

லூர்துவைச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன். கடை வரிசையை ஒரு சுற்று சுற்றினேன். வண்டி பறந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"நான் ஓட்டுனா ஒன்னுமே ஆவ மாட்டேங்குது! என்னதான் செய்றீங்க நீங்க?"

லூர்து மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நீங்க ஒத்த ஆளா ஓட்டிப் பாக்குறீங்க. நாங்க ரெண்டு பேரு போறோம் லா."

செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது.

இருவரையும் வண்டியில் ஏறி உட்காரச் சொன்னேன். குனிந்து பெடலைக் கையால் அமுக்கினேன். ஆட்டமே இல்லை. பெடலிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் பிரேக் ராடு விறைத்துக்கொண்டு நின்றது. லூர்துவை இறங்கச் சொன்னேன், ராடு தளர்ந்தது. ஏறச் சொன்னேன், மறுபடி விறைத்தது. பாவம், இரண்டு தடவை ஏற்றி இறக்கினேன்.

விஷயம் இவ்வளவுதான். டபுள் ஸ்டாண்டில் நிற்கும்போது பின் சக்கரம் கீழே தொங்கும். ஆள் ஏறினால் அப்சர்பர் அமுங்கிச் சக்கரம் மேலே வரும், ராடு இழுபடும். ஒரு ஆள் கனத்துக்கு இடைவெளி மிச்சம் இருந்தது, இரண்டு ஆள் கனத்துக்கு இல்லை. அப்சர்பரும் கிழடு தட்டிப்போனது. யாரும் மிதிக்காமலேயே பிரேக் பிடித்தது.

ராடை அவ்வளவு இறுக்கி வைத்தது யார்? நான்தான். முந்தின மாதம் செயின் தொங்குகிறது என்று சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளி வைத்தவன் நான். பிரேக்கை ஸ்டாண்டிலேயே வைத்துச் செட் பண்ணியவனும் நான். பிறகு ஷூ மாற்றியபோதும் அதே மாதிரிதான் செய்தேன்.

முன்பெல்லாம் இப்படி ஒரு தப்பு என் கடையில் நடக்காது. அதற்குக் காரணம் என் கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். டெஸ்ட் ரைடுக்குக் கிளம்பினால், "இருங்க, என்னை மார்க்கெட்டுல எறக்கி வுடுங்க" என்று என் மனைவி சரசு பின்னால் ஏறிக்கொள்வாள். அவள் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. ஆறு வருடமாக எல்லா வண்டியையும் ஒற்றை ஆளாகவே ஓட்டிப் பார்த்திருக்கிறேன். பின்சீட்டு காலியாக இருப்பது என் தொழிலையும் பாதிக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இருவரும் உட்கார்ந்திருக்க, ராடின் பின்முனையில் இருக்கும் நட்டை நாலு சுற்று தளர்த்தினேன். அன்று சரியான நேரத்துக்கு சென்டர் போய்ச் சேர்ந்தார்கள்.

4. நாலு சுற்று

இரண்டு வாரம் கழித்து ஆரோக்கியம் வந்தார். "அண்ணே, பெடல் ஆழமா போவுது. பிரேக் சரியா புடிக்கல."

நான் புதிதாகப் பாடம் படித்தவன் அல்லவா! சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டேன்: "பின்னால யார ஏத்திக்கிட்டுப் போறீங்க? அவங்களயும் கூட்டிட்டு வாங்க. உக்கார வச்சுத்தான் இனிமே செட் பண்ணுவேன்."



"யாரையும் இல்லண்ணே. அன்னிக்குப் போன் போட்டோம்ல, அந்த ஞாயித்துக்கிழமையே மக வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டா."

இரண்டு ஆளுக்குத் தளர்த்தியது ஒரு ஆளுக்கு அதிகமாகிவிட்டது. எனக்கு எழுந்திருக்கவே மனம் வரவில்லை. "என் தப்புதான் ஆரோக்கியம். மொத தடவையே பாத்திருக்கணும்" என்றேன்.

"விடுங்கண்ணே. அங்க வூட்டுக்கு எதுத்தாப்புலயே சென்டரு. நடந்தே போறா. நல்லாத்தான் இருக்கா."

அவரை ஏறி உட்காரச் சொல்லி, நட்டை நாலு சுற்று இறுக்கினேன். பிரேக் சரியாகப் பிடித்தது. அவர் கிளம்பாமல் நட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிறிஸ்மஸுக்கு வர்றேன்னு சொல்லியிருக்கா. அப்ப என்னண்ணே செய்யணும்?"

"இந்தப் பக்கமா நாலு சுத்து. கையாலேயே திருப்பலாம்."

அவர் மண்டி போட்டு, ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணித் தளர்த்தினார். பிறகு அதே போல எண்ணி இறுக்கினார். மறுபடியும் ஒரு தடவை செய்து பார்த்துக்கொண்டுதான் போனார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பின் பிரேக்கை ஸ்டாண்டில் வைத்து முடிவு பண்ணாதீர்கள். வழக்கமாக ஏறுகிற ஆட்களை ஏற்றி வைத்துப் பாருங்கள். யார் ஏறுவார்கள் என்று கேளுங்கள், அதையும் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்.

ஜனவரியில் ஆரோக்கியம் எஞ்சின் ஆயில் மாற்ற வந்தார். என் கண் முதலில் அந்த நட்டுக்குத்தான் போனது. எஸ்டேட் செம்மண் அதன் மேல் காய்ந்து இறுகி, கிறிஸ்மஸுக்குக் கைபட்ட அடையாளமே இல்லாமல் இருந்தது. ஆயிலை மாற்றிவிட்டு, அந்தச் செம்மண்ணைத் துணியால் துடைத்து, நட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அனுப்பினேன்.